ரயில் மாறும் இடம்

மரக்காணம்
ஜூன் 9

டோமினிக் அவர்களுக்கு,

உங்கள் நம்பரை நான் பிளாக் செய்திருப்பது இதற்குள் தெரிந்திருக்கும். அத்தையின் போனுக்கும் கூப்பிட வேண்டாம். உங்களைப் பெற்றவர்தான், ஆனாலும் போனை என்னிடம் தரமாட்டாராம். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "பொண்டாட்டிய நாலு பேர் எதிர்ல நிக்க வெச்சிக் கத்திட்டுப் போனவன் இப்ப இன்னாத்துக்கு போன் பண்றான்?" என்று அவராகவே கேட்கிறார்.

பேச வேண்டியதைக் கடிதமாக எழுதுங்கள். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். எழுதினால், என்ன சொல்கிறோம் என்பதைக் கண்ணால் ஒரு முறையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். நிலையத்தின் மேல் பிளாட்ஃபாரத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. உச்சி வெயில். சுற்றிலும் உப்பளம், கீழே பார்த்தாலும் கண் கூசுகிறது. டிராயிங் காற்றில் பறக்கிறது என்று நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சரத்குமார் குடை பிடித்தார். நீங்கள் தோளில் பையோடு படியேறி வந்தீர்கள். ராயகடாவில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறவர் எப்படித் திடீரென்று இங்கே என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நொடிதான், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குள் சரத்குமாரைப் பார்த்து, "என் சீட்டு பத்தலையாடா உனக்கு?" என்றீர்கள்.

கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். சரத்குமார் குடையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நீங்கள் வீட்டுக்குக்கூட வராமல் பஸ் ஏறிவிட்டீர்கள். நீங்கள் வந்ததைக் கேள்விப்பட்டு அத்தை வைத்த மீன் குழம்பை மறுநாள் வரை சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

உங்களை ஒடிசாவுக்கு மாற்றியது கம்பெனி. உங்கள் நாற்காலியில் சரத்குமாரை உட்கார வைத்ததும் கம்பெனி. நான் இல்லை.

மெர்லின்

ராயகடா
ஜூன் 21

அன்பு மெர்லின்,

'அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். 'நீங்கள்' என்று வேறு. சைட்டில் நாலு பேர் இருக்கும்போதுதான் நீ என்னை அப்படிக் கூப்பிடுவாய். கடிதத்தை யார் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாய்?

கோபப்படாதே. அந்த வாக்கியத்தை அடிக்கலாம் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

கத்தியது தப்பு. ஆனால் என் பக்கமும் கொஞ்சம் பார். அந்த இடம் வெறும் சேறாக இருந்த நாளிலிருந்து அங்கே நின்றவன் நான். திண்டிவனத்திலிருந்து வரும் ரயில் பாதை தரையில், கடலோரப் பாதை அதன் தலைக்கு மேலே பாலத்தில், இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு நிலையம் என்று முதல் கோடு போட்டவன் நான். அங்கேதான் நீ வேலைக்குச் சேர்ந்தாய். அஸ்திவாரத்துக்கு முதல் பைல் தூண் மண்ணில் இறங்கிய அன்றைக்கு உன் ஹெல்மெட் பெரியதாக இருந்து கண்ணை மறைத்ததும், நான் பட்டையை இழுத்துச் சரி பண்ணியதும் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. நாம் இரண்டு பேரும் ஜோடி ஆனதே அங்கேதான். இப்போது அதே இடத்தில் இன்னொருத்தன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

ஒன்று கேட்கிறேன். நீ பிடித்திருந்த டிராயிங்கை நான் பார்த்தேன். கிழக்குப் பக்கம் ஒரு ராம்ப் இருந்தது. என் டிராயிங்கில் அது கிடையாது. யார் போட்டது?

இங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் சகாயமேரி மேடம் நாகர்கோவில்காரர். காலையில் புட்டு கொண்டுவருகிறார். நான் மெலிந்துவிட்டேன் என்று அவருக்கு வருத்தம்.

டோமினிக்

மரக்காணம்
ஜூலை 4

டோமினிக் அவர்களுக்கு,

யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்கு முன் ராம்ப் யார் போட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

உங்கள் டிராயிங்படி கீழே இறங்குகிறவர் டிக்கெட் ஹாலைத் தாண்டி வெளியே போய், ரோட்டோரமாகச் சுற்றி, மேற்குப் பக்கப் படியேறி மேல் ரயிலைப் பிடிக்க வேண்டும். கையில் குழந்தையும் பெட்டியும் இருந்தால்? ரயில் மாறுவதற்குத்தானே இந்த நிலையம்? கீழ் பிளாட்ஃபாரத்திலிருந்து நேராக மேலே ஏற ஒரு சாய்வுப் பாதை இருந்தால் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. அதைக் கிழக்கே கொஞ்சம் நீட்டினால் உப்பளத்துக்குப் போகும் பெண்களும் தண்டவாளத்தில் இறங்காமல் அந்தப் பக்கம் போகலாம். இப்போது அவர்கள் கூடையோடு தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள்.

இது என் யோசனை. சரத்குமாரிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் இன்னும் சில கேள்விகளோடு வந்தார். ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினார். ஓகே ஆகிவிட்டது.

ஆனால் முதலில் சொன்னது உங்களிடம். கல்யாணமான புதிதில், பாண்டியிலிருந்து திரும்பும்போது பெரிய முதலியார்சாவடியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். வடை மடித்துக் கொடுத்த காகிதத்திலேயே வரைந்து காட்டினேன். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்கு, பாக்கலாம்" என்றீர்கள். அந்தக் காகிதத்தில் கையைத் துடைத்துப் போட்டீர்கள்.

சகாயமேரி மேடம் புட்டு கொடுப்பது நல்லது. நன்றாகச் சாப்பிடுங்கள்.

மெர்லின்

ராயகடா
ஜூலை 18

மெர்லின்,

நீ சொன்ன டீக்கடை எனக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் நீ சொல்வதை நம்புகிறேன். என்னிடம் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். மூன்றாம் தரமும் சொல்லியிருக்கலாம். நான் உன் கணவன், பக்கத்திலேயே இருந்தேன். எவனோ ஒருத்தன் ஒரு தரம் உட்கார்ந்து கேட்டான் என்று அவனிடம் கொடுத்துவிட்டாய்.

கிழக்குப் பக்கம் உப்பளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். அதன் ஓரத்தில் மண் எவ்வளவு இளகியது என்பது அந்த மண்ணில் முழங்கால் வரை இறங்கியவனுக்குத்தான் தெரியும். சரத்குமாருக்குத் தெரியாது. அங்கே ராம்ப் நிறுத்தினால் ஒரு மழைக்காலத்தில் சாயும்.

இதை விவரமாக எழுதி சென்னையில் சீஃப் இன்ஜினீயருக்கு அனுப்பிவிட்டேன். மறைமுகமாக அல்ல, என் கையெழுத்துப் போட்டுத்தான். இன்ஜினீயராக எழுதியது. உன் கணவனாக எழுதியதல்ல.

டோமினிக்

மரக்காணம்
ஆகஸ்ட் 11

டோமினிக்,

வேலையை நிறுத்திவிட்டார்கள். சந்தோஷமா?

ராம்ப் மட்டுமில்லை, கிழக்குப் பக்கம் முழுக்க நின்றுவிட்டது. தூணுக்குத் தோண்டிய குழியெல்லாம் அப்படியே திறந்து கிடக்கிறது. வெளியூரிலிருந்து வந்த கம்பி வேலைக்காரர்களை வேறு சைட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவர்களைத் திரும்பக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசாரணையில் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சரத்குமாரை இல்லை, என்னை. மண் பரிசோதனையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். நீ அவரைக் குறிவைத்து எறிந்தாய், பட்டது எனக்கு. ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர், "உங்க ஹஸ்பெண்டே இதை எழுதியிருக்காரேம்மா, வீட்ல எதனா பிரச்சனையா?" என்று கேட்டார். மேஜையைச் சுற்றி அவ்வளவு ஆண்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

நீ இன்ஜினீயராக எழுதினாயாம். அப்படியென்றால் எனக்கு முதலில் எழுதியிருப்பாய். 'வாய்க்கால் ஓரத்துத் தூணை இன்னொரு தரம் பார், மெர்லின்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் பார்த்திருப்பேனே. மண்ணைப் பற்றி உனக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. அதை எப்போது மறுத்தேன்?

உனக்கு என்மேல் சந்தேகம் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. நான் யாரோடு போகிறேன் என்பது உனக்கு முக்கியமில்லை. இந்த நிலையம் யாரோடு போகிறது என்பதுதான் உனக்கு. ராயகடாவிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவன் வீட்டு வாசலுக்கு வரவில்லை, பிளாட்ஃபாரத்துக்குத்தானே போனாய்? உனக்கு வயிறு எரிந்தது சிமெண்டுக்காக. அதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது.

இனி எழுதாதே.

மெர்லின்

மரக்காணம்
அக்டோபர் 27

டோமினிக்,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். இதை வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

நான்கு நாளாக விடாத மழை. திறந்து கிடந்த குழிகளில் தண்ணீர் நிறைந்து, எது வாய்க்கால் எது குழி என்று தெரியவில்லை. குழியைச் சுற்றி நாங்கள் கட்டிய கயிற்றைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. உப்பளத்தில் மூடிவைத்த உப்புக்குவியலின் கீற்று பறந்துவிட்டதென்று பார்க்கப் போன மலர்கொடி குழிக்குள் விழுந்துவிட்டார். உனக்குத் தெரிந்திருக்கும், சைட் ஆபீஸுக்குப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்பவர், உரக்கப் பேசுவார். சரத்குமார் சத்தம் கேட்டு ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கினார். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்திருக்கிறார்கள்.

உன்னால்தான் என்று நான் எழுதவில்லை. குழிக்கு நல்ல வேலி போட்டிருக்க வேண்டியது நாங்கள். ஆனால் அந்தக் குழி இந்நேரம் தூணாகியிருக்க வேண்டியது.

மெர்லின்

ராயகடா
நவம்பர் 2

மெர்லின்,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை.

சீஃப் கூப்பிட்டிருக்கிறார். முதல் டிராயிங் போட்டவன் என்ற முறையில் நேரில் வந்து பார்த்து, ராம்ப் நிற்குமா நிற்காதா என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு. மூன்று மாதத்துக்கு முன் இது நடந்திருந்தால் தலைகால் தெரியாமல் குதித்திருப்பேன். இப்போது பெட்டியை எடுத்துவைக்கவே கை வரவில்லை.

நீ சிமெண்டைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முழுக்கச் சரியில்லை. பாதி சரி. இங்கே எந்தத் தூணைப் பார்த்தாலும் அங்கே இப்போது எந்தத் தூண் எழும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய். அவனும் நிற்கிறான். எதை நினைத்து எரிகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மலர்கொடியை நான் பார்க்கலாமா? பார்த்தால் அடிப்பாரா?

டோமினிக்

மரக்காணம்
நவம்பர் 24

டோமினிக்,

வந்தாய், சொன்னாய், போய்விட்டாய். மறுபடியும் வீட்டுக்கு வரவில்லை. அத்தை இந்த முறை குழம்பு வைக்கவில்லை, ஆனால் சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ சொன்னதைத் திருப்பி எழுதுகிறேன், பிறகு மறுக்காதே. குழிகளைச் சுற்றி வந்தாய். சேற்றை எடுத்து விரலில் தேய்த்தாய். ராம்ப் நிற்கும் என்றாய். வாய்க்கால் ஓரத்துத் தூண் ஒன்று மட்டும் நிற்காது, பைலை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும் என்றாய். அந்தத் தூணை நானும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ சரி, நான் தப்பு. இதை எழுதக் கசக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிறகு டிராயிங்கை விரித்தார்கள். மூலையில் சரத்குமார் பெயர் மட்டும் இருந்தது. சீஃப் அவரைப் பார்த்து, "குட் ஐடியாப்பா" என்றார். சரத்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "சார், இது இவரு ஐடியா இல்ல. மெர்லினோடது. மொதல்ல எங்கிட்டதான் சொன்னாங்க. நான் காதுல வாங்கல."

மழை ஓய்ந்து உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். நீயாவது என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன், நீ டிராயிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. அந்தப் பெயரைப் பார்த்த முதல் நாளிலிருந்து எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. சரத்குமார் கெட்டவர் இல்லை. ஹெட் ஆபீஸில் வழக்கமாக சைட் இன்சார்ஜ் பெயரைத்தான் அடிப்பார்கள் என்றார். நானும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சைட்டில் எல்லாரும் 'சரத் சார் ராம்ப்' என்று சொல்லும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இதை உன்னிடம் சொன்னால் உன் எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியதாகும் என்று சொல்லவில்லை. நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?

இன்னொன்று. சகாயமேரி மேடம் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவர் என்பதை அத்தை உன்னிடம் போனில் கேட்டுச் சொல்லும்வரை எனக்கு நிம்மதியில்லை. எனக்கு வயிறு எரியத்தான் நீ அவரைப் பற்றி எழுதினாய். வேலை செய்தது, போதுமா?

ஏன் வராமல் போனாய்?

மெர்லின்

ராயகடா
டிசம்பர் 6

மெர்லின்,

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. உனக்கு எரிந்தது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், நீ என்ன நினைத்தாலும் சரி. உன் யோசனை என்பதால் சொன்னேன், அது பாதி. மீதிப் பாதி, சீஃப் அவனை மெச்சியதைத் தாங்க முடியவில்லை. அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் அவன் முகம் சுருங்கவில்லை. "ஆமா சார், அவங்களோடதுதான்" என்று உடனே சொல்லிவிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் முதலில் வந்து உனக்குக் கை கொடுத்தது அவன். நீ சிரித்தாய். சொன்னவன் நான், அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டது அவன். அங்கே நின்றால் மறுபடியும் ஏதாவது கத்திவிடுவேன் என்று பயந்து நடந்துவிட்டேன். அதனால்தான் வீட்டுக்கு வரவில்லை.

நடந்தது மலர்கொடி வீட்டுக்கு. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீதான் அந்தப் பாதை வேணான்னு எழுதின இன்ஜினீரா?" என்றார்.

"ஆமாங்க."

"இப்ப இன்னா சொல்லிட்டு வந்த?"

"வேணும்னு சொல்லிட்டு வந்தேங்க."

"அப்ப எதுக்கு வேணான்ன?"

இளகின மண், வாய்க்கால் என்றெல்லாம் ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "உன் பொண்டாட்டி தினமும் வருது. ஆர்லிக்ஸ் கலக்கிக் குடுக்குது. உன் பேரு ஒரு நாளும் எடுக்கல" என்றார். அடித்திருந்தால் அதோடு போயிருக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கப் பழகுகிறார். நான் கை கொடுத்தேன். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டோமினிக்

மரக்காணம்
மே 12

டோமினிக்,

இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி இரண்டு பாதையிலும் பயணிகள் ரயில் ஓடப்போகிறது. வாய்க்கால் ஓரத்துத் தூணை நீ சொன்னபடியே இறக்கினோம், ஏப்ரல் முழுக்க அதற்கே போய்விட்டது. டிராயிங் மூலையில் இப்போது மூன்று பெயர் இருக்கிறது. உன் பெயரைச் சேர்க்கச் சொன்னது சரத்குமார். நான் சொல்லவில்லை. உனக்கு எரிச்சலாக இருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மலர்கொடி அக்கா கம்பு ஊன்றி நடக்கிறார். உப்பளத்தில் குனிந்து வேலை செய்ய முடியாது. கீழ் பிளாட்ஃபாரத்தில் அவருக்கு ஒரு டீக்கடைக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

லீவு கிடைத்தால் வா. இந்த முறை பஸ்ஸில் வராதே. திண்டிவனத்தில் ஏறினால் கீழ் பிளாட்ஃபாரத்தில் இறங்குவாய். நான் மேலே இருப்பேன். அன்றைக்கு எனக்கு டியூட்டி, சரத்குமாரும் இருப்பார், நாங்கள் பேசிக்கொண்டுதான் இருப்போம். அதைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் போவதாக இருந்தால் ரிட்டர்ன் ரயில் ஒன்றும் இருக்கிறது. நான் இறங்கி வரமாட்டேன். நீ ஏறி வர வேண்டும்.

மெர்லின்

ராயகடா
ஜூன் 3

மெர்லின்,

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். என் நம்பரை நீ அன்பிளாக் செய்துவிட்டது தெரியும். ஆனாலும் இது எழுத வேண்டியது.

கீழே இறங்கியதும் முதலில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்றாய். அவன் ஏதோ சொன்னான், நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வழக்கமான இடத்தில் வழக்கம்போல் எரிந்தது. ஒரு வருஷத்தில் எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று நம்பி வந்தவன், ஒன்றும் ஆறவில்லை என்று தெரிந்து அங்கேயே நின்றுவிட்டேன். ரிட்டர்ன் ரயிலையும் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன்.

என்னை இடித்துக்கொண்டு ஜனங்கள் ராம்பில் ஏறினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், அண்டா தூக்கிய இரண்டு பேர். ஒருவரும் வெளியே போய்ச் சுற்றவில்லை. என் டிராயிங்படி கட்டியிருந்தால் இவர்களில் பாதிப்பேர் மேல் ரயிலைத் தவறவிட்டிருப்பார்கள். நீ வடைக் காகிதத்தில் வரைந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, இதை நான் போடவில்லையே என்றும் இருந்தது. உன்மேலும் பொறாமைதான், மெர்லின். அதையும் சேர்த்துக்கொள்.

எரிச்சல் ஆறட்டும், பிறகு ஏறலாம் என்று நின்றிருந்தால் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். எரிந்துகொண்டேதான் ஏறினேன்.

"இன்னா, வயிறு எரியுதா?" என்று கேட்டாய்.

"எரியுது" என்றேன்.

"எரியட்டும். வந்துட்ட இல்ல" என்று என் கையைப் பிடித்தாய், பிடித்த கையை விடவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில், டியூட்டி நேரத்தில். சரத்குமார் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டோமினிக்